தனியாக வாழும் அம்மா அப்பாவுக்கு வீட்டு ரோபோ: சென்னை வீடுகளுக்கான முழு வழிகாட்டி

பிள்ளைகள் பெங்களூரிலோ டெக்சாஸிலோ இருக்கிறார்கள். பெற்றோர் மாம்பலத்திலோ மடிப்பாக்கத்திலோ தனியாக இருக்கிறார்கள். அந்த வீட்டில் உதவிக்கு ரோபோ வைக்க நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் பெற்றோர் வீட்டிலும், அப்புறம் சொந்தக்காரர்கள், நண்பர்கள் வீடுகளிலும் இதை அமைத்துக் கொடுத்திருக்கிறேன். சிக்கல் வந்த வீடுகளில் பெரும்பாலும் கருவியில் குறை இல்லை, செய்த வரிசையில்தான் குறை. லீவில் வந்த மகன் முதல் நாளே பெட்டியைப் பிரிப்பார், ஆப் இறக்குவார், நாலாம் நாள் விமானம் ஏறிவிடுவார். அடுத்த மாதம் பார்த்தால் ரோபோ சோபாவுக்கு அடியில் சார்ஜ் இல்லாமல் கிடக்கும்.

அதனால் இங்கே பெட்டியைப் பிரிப்பது ஆறாவது படியில்தான் வருகிறது. அதற்கு முன்னால் உள்ள ஐந்தும் வீட்டையும் மனிதர்களையும் தயார் செய்யும் வேலை. அவற்றில் எதையும் தாண்டாதீர்கள். நீங்கள் நேரில் இருக்க ஒரு வாரமாவது வேண்டும், பத்து நாள் இருந்தால் நல்லது.

## என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது

இன்று வாங்கி வீட்டில் வைக்கக்கூடியவை ஐந்து வகை: கீழே விழுந்தால் தகவல் சொல்லும் கைக்கடிகாரம் அல்லது கழுத்தில் மாட்டும் பொத்தான், நேரத்துக்கு மாத்திரை தரும் பெட்டி, தரையைப் பெருக்கித் துடைக்கும் ரோபோ, சக்கரத்தில் நடமாடும் கேமரா ரோபோ, குரலுக்குப் பதில் சொல்லும் ஸ்பீக்கர்.

ஆளைத் தூக்கி உட்காரவைக்கும் ரோபோவை எதிர்பார்க்காதீர்கள். ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனம் 2015-ல் காட்டிய ரோபேர் அதைச் செய்தது. அதன் எடை 140 கிலோ. ஆய்வுக்கூடத்தைத் தாண்டி அது வீடுகளுக்கு வரவே இல்லை. அமேசான் 2021-ல் அறிவித்த ஆஸ்ட்ரோ அமெரிக்காவில் மட்டும்தான் விற்பனைக்கு வந்தது.

வெளிநாட்டிலிருந்து சூட்கேஸில் கொண்டுவரும் யோசனை இருந்தால் மறுபடி யோசியுங்கள். அமெரிக்காவில் விற்கும் சில சார்ஜிங் நிலையங்கள் 120 வோல்ட்டுக்கு மட்டுமே செய்யப்பட்டவை. நம் 230 வோல்ட்டில் செருகினால் அதோடு போய்விடும். இங்கே சர்வீஸும் கிடைக்காது, பிரஷ்ஷும் பேட்டரியும் கிடைக்காது. சென்னையிலேயே சர்வீஸ் சென்டர் இருக்கும் கருவியாக, கொஞ்சம் வசதி குறைவாக இருந்தாலும், வாங்குங்கள்.

## 1. ஒரு நாள் முழுக்கக் கூட இருந்து பாருங்கள்

"என்னம்மா கஷ்டமா இருக்கு?" என்று கேட்டால் "ஒண்ணும் இல்லப்பா, நல்லாத்தான் இருக்கோம்" என்றுதான் பதில் வரும். ஆகவே கேட்பதை விடக் கவனிப்பது மேல். காலை எழுவதிலிருந்து இரவு படுக்கும் வரை, உதவிக்குப் போகாமல் சும்மா வீட்டில் இருங்கள். குனிந்து நிமிரும்போது எதைப் பிடித்துக்கொள்கிறார்? இரவில் பாத்ரூம் போகும்போது லைட் போடுகிறாரா, "எதுக்கு கரண்ட் செலவு" என்று இருட்டிலேயே நடக்கிறாரா? வேலைக்கார அம்மா வராத நாளில் யார் பெருக்குகிறார்? காலிங் பெல் அடித்தால் எழுந்து கதவுக்கு வர எவ்வளவு நேரம் ஆகிறது?

பார்த்ததை எழுதி, அதில் முக்கியமான மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, இதற்கு ரோபோ வேண்டுமா, சாதாரணப் பொருளே போதுமா என்று எழுதுங்கள். இருட்டில் நடப்பதற்கு ஆள் அசைவைக் கண்டு எரியும் சின்ன விளக்கு போதும். லாஃப்டில் எட்டிப் பாத்திரம் எடுப்பதற்கு, பாத்திரத்தைக் கீழே இறக்கி வைத்தால் போதும். இந்தக் கணக்கைப் போடாமல் கடைக்குப் போனால், விளம்பரத்தில் பார்த்த பிரச்சினைக்கு ரோபோ வாங்கி வருவீர்கள். வீட்டில் இருக்கும் பிரச்சினை அப்படியே இருக்கும்.

## 2. கேமரா பற்றி முதலில் பேசிவிடுங்கள்

வீட்டுக்காரர்களின் சம்மதம் இல்லாமல் வைத்த கேமரா மீது ஒரு வாரத்தில் துண்டு விழும். துண்டு போட்டவர்கள் மீது தப்பே இல்லை. அது அவர்கள் வீடு.

பேசும்போது மூன்று விஷயங்களைத் தெளிவாகச் சொல்லுங்கள்: யார் யார் பார்க்க முடியும், எப்போதெல்லாம் பார்ப்பீர்கள், எப்படி நிறுத்துவது. வாயால் சொன்னால் மட்டும் போதாது. உங்கள் போனில் ஆப்பைத் திறந்து, கேமரா முன் அவர்களை நிற்கவைத்து, எவ்வளவு தெரிகிறது என்று காட்டுங்கள். "ஓ, சமையல் ரூம் வரைக்கும் தெரியுதா?" என்ற கேள்வி அப்போதுதான் வரும். படுக்கையறை, பாத்ரூம், துணி மாற்றும் இடம் ஆகியவை எக்காலத்திலும் கேமரா போகாத இடங்கள். மருமகள், மருமகன், பேரன் என்று எல்லோருக்கும் அனுமதி கொடுக்காதீர்கள். இருவர் போதும்.

சமையலுக்கோ பராமரிப்புக்கோ வருகிறவர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர்களாகக் கண்டுபிடித்தால் தங்களை வேவு பார்ப்பதாக நினைத்து வேலையை விட்டுப் போய்விடுவார்கள். நல்ல ஆள் கிடைப்பது ரோபோ கிடைப்பதை விடக் கஷ்டம்.

## 3. கதவைத் திறக்க ஒருவர் வேண்டும்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

நம் அபார்ட்மென்டுகளில் இரவு ஒன்பது மணிக்கு என்ன நடக்கிறது? வெளியே இரும்பு கிரில் கதவு, அதற்கு உள்பக்கமாக ஒரு தொங்கு பூட்டு. அப்புறம் மரக்கதவு. அதில் மேலே ஒரு தாழ்ப்பாள், கீழே ஒரு தாழ்ப்பாள், நடுவில் சங்கிலி. எல்லாம் போட்டுவிட்டுத்தான் அப்பா படுப்பார். நடுராத்திரி அவர் ஹாலில் விழுந்தால் கைக்கடிகாரம் சரியாக வேலை செய்யும், உங்கள் போன் அடிக்கும், நீங்கள் எதிர்வீட்டு மாமாவைக் கூப்பிடுவீர்கள், அவரும் ஓடிவருவார். வந்து கிரில் கதவுக்கு வெளியே நிற்பார். எத்தனை சாவி கையில் இருந்தாலும் உள்தாழ்ப்பாள் திறக்காது. கார்பென்டர் வந்து கதவை உடைக்கும்வரை அப்பா தரையில் கிடக்க வேண்டியதுதான்.

தாழ்ப்பாள்களையும் சங்கிலியையும் கழற்றிவிடுங்கள். அதற்குப் பதில், உள்ளே திருகும் குமிழும் வெளியே சாவியும் உள்ள நல்ல பூட்டு ஒன்றைப் பொருத்துங்கள். இருபக்கமும் சாவி போடும் பூட்டு வேண்டாம். உள்பக்கம் சாவியைச் செருகியே வைத்துவிட்டால் பல பூட்டுகளில் வெளிச்சாவி உள்ளே நுழையாது. கிரில் கதவுக்கும் இதே மாதிரிதான். மின்னணுப் பூட்டு பிடித்திருந்தால் போடலாம், சாதாரணச் சாவியாலும் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். "திருடன் வந்தா?" என்ற பயம் வரும், அது நியாயமான பயம். பூட்டின் தரத்தில் பணத்தைச் செலவழித்து அதைத் தீர்த்துக்கொள்ளலாம்.

அடுத்து, ஓடிவரும் ஆட்கள். நடந்துவரும் தூரத்தில் இருக்கும் மூன்று பேரை வரிசைப்படுத்துங்கள். மடிப்பாக்கத்தில் இருக்கும் அம்மாவுக்கு அண்ணா நகர் சித்தப்பா முதல் ஆளாக இருக்க முடியாது. சாயங்கால டிராஃபிக்கில் அவர் கத்திப்பாரா தாண்டவே நேரமாகிவிடும். அதே மாடியில் இருப்பவர் ஒருவர், அதே கட்டடத்தில் இன்னொருவர், அப்புறம் வாட்ச்மேன் அல்லது அசோசியேஷன் செக்ரட்டரி. முதல் இருவரிடம் சாவி இருக்கட்டும். அவர்களிடம் நேரில் போய், காப்பி குடித்து, என்ன கேட்கிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள்: "ராத்திரி போன் வந்தா கதவைத் திறந்து பார்க்கணும், அவ்வளவுதான். தூக்க வேண்டாம், 108 வரும்." விழுந்தவரை அனுபவம் இல்லாதவர் தூக்கினால் உடைந்த எலும்பு இன்னும் விலகும். எல்லையைச் சொல்லிவிட்டால் அவர்களும் தயங்காமல் ஒத்துக்கொள்வார்கள்.

கதவின் உள்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டுங்கள். பெரிய எழுத்தில், தமிழில். சாப்பிடும் மாத்திரைகள், ஒவ்வாமை, வழக்கமாகப் போகும் ஆஸ்பத்திரி, காப்பீட்டு எண், மூன்று பேரின் போன் எண்கள், வீட்டுக்கு வழி சொல்ல ஒரு அடையாளம். அவசரத்துக்கு 108 அல்லது 112. முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. இந்தக் கடைசி எண் ஆலோசனைக்கும் உதவிக்கும் உள்ளது. ஆம்புலன்ஸுக்கு இதை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

## 4. தரையைச் சரிசெய்யுங்கள்

ரோபோ முதல் ஓட்டத்தில் வீட்டின் வரைபடத்தைப் போட்டுக்கொள்ளும். பிறகு சோபாவை நகர்த்தினால் குழம்பும். ஆகவே தரை வேலை எல்லாம் முதலில்.

மிதியடிகளை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடியில் வழுக்காத ரப்பர் உள்ளதாக மாற்றுங்கள். மடங்கிய மிதியடியில் ரோபோவும் சிக்கும், அம்மாவும் தடுக்குவார். தரையில் கிடக்கும் ஒயர்களைச் சுவரோரம் கிளிப் போட்டு ஒட்டுங்கள். பெரும்பாலான பெருக்கும் ரோபோக்கள் சுமார் 2 சென்டிமீட்டர் உயரம்தான் ஏறும். பழைய வீட்டு நிலைப்படிகள் அதைவிட உயரம். அங்கே சின்னச் சரிவுப் பலகை வைக்கலாம் என்றால், அந்தப் பலகையே காலைத் தடுக்காதா என்று முதலில் பாருங்கள். சந்தேகம் இருந்தால் அந்த அறையை விட்டுவிடுங்கள்.

கறுப்பு கிரானைட் தரையில் ரோபோ பாதியில் நின்று பின்வாங்குவதைப் பார்த்துப் பலரும் கருவி கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்புகிறார்கள். அடிப்பக்கத்தில் இருக்கும் சென்சார்கள் ஒளியை அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்புவதை வைத்துப் பள்ளம் இருக்கிறதா என்று பார்க்கின்றன. கறுப்புக் கல் ஒளியை விழுங்கிவிடுவதால் அங்கே படிக்கட்டு இருப்பதாக நினைத்துக்கொள்கிறது. வாங்கும் முன் இதைக் கடையில் கேளுங்கள். கேட்ட பிறகும் சந்தேகமாக இருந்தால், திருப்பித் தரும் வசதி உள்ள இடத்தில் வாங்குங்கள். சென்சார் மேல் டேப் ஒட்டச் சொல்லும் வீடியோக்கள் உண்டு. படிக்கட்டு உள்ள வீட்டில் அதைச் செய்யவே கூடாது.

பூஜை அறை தனி விஷயம். குத்துவிளக்கு தரையில் எரியும் வீட்டில் ரோபோ அந்தப் பக்கம் போகவே கூடாது. ஆப்பில் தடைக்கோடு போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், வரைபடம் அழிந்தால் கோடும் அழியும். ரோபோ தாண்ட முடியாத பலகை ஒன்றைக் குறுக்கே வையுங்கள், அல்லது விளக்கை மேடைக்கு ஏற்றுங்கள்.

பாத்ரூமில் கைப்பிடி, வழுக்காத விரிப்பு, இரவு விளக்கு மூன்றும் இருக்க வேண்டும். கைப்பிடியைச் சுவரில் துளைபோட்டு ஸ்க்ரூவால் பொருத்துங்கள். உறிஞ்சி ஒட்டும் ரப்பர் கைப்பிடி டைல்ஸில் இன்று நிற்கும், என்றைக்கு விடும் என்று சொல்ல முடியாது.

## 5. கரண்டும் வைஃபையும்

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது என்பதால் வைஃபை இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். பல வீடுகளில் இன்வெர்ட்டர் இணைப்பு லைட்டுக்கும் ஃபேனுக்கும் மட்டும்தான் போகிறது. மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு எந்தப் பிளக் உயிரோடு இருக்கிறது என்று பாருங்கள்.

ரவுட்டருக்கென்று சின்ன யூபிஎஸ் ரிச்சி தெருவில் எளிதாகக் கிடைக்கும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ஃபைபர் இணைப்பு உள்ள பல வீடுகளில் இரண்டு பெட்டிகள் இருக்கும், ஒன்று ஃபைபர் வந்து சேரும் பெட்டி, மற்றது ரவுட்டர். யூபிஎஸ்ஸை ரவுட்டருக்கு மட்டும் கொடுத்தால் வைஃபை அடையாளம் தெரியும், இன்டர்நெட் வராது. இரண்டுக்கும் கொடுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தினால் காலையிலிருந்து மதியம் வரைகூடப் போகும். அதையும் கணக்கில் வைத்து யூபிஎஸ் திறனைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்த தடுமாற்றம் அலைவரிசை. இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில்தான் இணையும். புது ரவுட்டர்கள் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் காட்டுவதால் இணைப்பு நின்று நின்று போகும். ரவுட்டர் அமைப்பில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்து, எல்லாக் கருவிகளையும் 2.4-இல் சேருங்கள். ரவுட்டரை டிவிக்குப் பின்னால் ஒளிக்காமல் வீட்டின் நடுவில், உயரத்தில் வையுங்கள். கனமான செங்கல் சுவர் உள்ள பழைய வீடுகளில் கடைசி அறைக்கு இன்னொரு வைஃபை பெட்டி தேவைப்படும். வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் இப்போதே முடிவு செய்யுங்கள். பிறகு மாற்றினால் ஒவ்வொரு கருவியையும் முதலிலிருந்து இணைக்க வேண்டும், அதற்கு யாராவது நேரில் வர வேண்டும்.

## 6. கணக்கு, அப்புறம் பெட்டி

கணக்கை உங்கள் சொந்த மின்னஞ்சலில் தொடங்காதீர்கள், அம்மாவுடையதிலும் வேண்டாம். வீட்டுக்கென்று புதிதாக ஒரு மின்னஞ்சல் தொடங்கி, எல்லாக் கருவிகளையும் அதில் பதிவு செய்யுங்கள். நாளைக்கு உங்களுக்குப் பதில் அக்கா பார்த்துக்கொள்வதாக இருந்தால் அதை அப்படியே கைமாற்றலாம்.

ஓடிபி எந்த எண்ணுக்கு வரும் என்று யோசியுங்கள். அமெரிக்க எண்ணைக் கொடுத்தால் சில ஆப்கள் உங்களை அமெரிக்கப் பயனராக எடுத்துக்கொள்ளும், இந்தியாவில் வாங்கிய கருவி அந்தக் கணக்கில் தெரியாது. ஆப்பில் பிராந்தியம் கேட்கும்போது இந்தியா என்று கொடுங்கள். குடும்பத்தில் பகிர்ந்துகொள்கிறவர்களும் அதே பிராந்தியத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரட்டைச் சரிபார்ப்பைப் (கடவுச்சொல்லோடு ஓடிபியும் கேட்கும் வசதி) போட்டுவிடுங்கள், ஏனென்றால் இந்தக் கணக்கு கையை விட்டுப் போனால் வீட்டுக்குள் இருக்கும் கேமராவே போனதாக அர்த்தம்.

பெற்றோரிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள்: "ரோபோ கம்பெனியிலிருந்து பேசறோம், ஓடிபி சொல்லுங்க" என்று யார் கேட்டாலும் போனை வைத்துவிட வேண்டும். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைக் கூப்பிட வேண்டும். கதவுத் தாளில் அதையும் சேருங்கள்.

இப்போது பெட்டியைப் பிரிக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு கருவி மட்டும். அது பழகிய பிறகு அடுத்தது. ஒரே நாளில் நாலு கருவி பீப் அடித்தால் எது எதற்காக அடிக்கிறது என்று யாருக்கும் புரியாது, கடைசியில் நாலையும் அணைத்துவிடுவார்கள்.

## 7. முதல் கருவி: விழுந்தால் கூப்பிடுவது

விழுவதைத் தானே கண்டுபிடிக்கும் கடிகாரங்கள் வேகமான விழுதலை நன்றாகப் பிடிக்கும். சுவரைப் பிடித்தபடி மெல்லச் சரிந்து உட்கார்ந்தால் பிடிக்காமல் போகலாம். முதியவர்கள் பலர் அப்படித்தான் விழுகிறார்கள். ஆகவே தானியங்கியை நம்பாமல் பொத்தானை அழுத்தப் பழக்குவதுதான் முக்கியம்.

ஆப்பிள் வாட்ச் பலமான விழுதலைக் கண்டு, சுமார் ஒரு நிமிடம் அசைவில்லாவிட்டால் அவசர எண்ணைத் தானே அழைக்கும். நீங்கள் குறித்துவைத்த தொடர்புகளுக்கும் செய்தி போகும். அதற்கு ஐபோன் வேண்டும். அம்மா ஆண்ட்ராய்டு வைத்திருந்தால் அவர் போனோடு இது சேராது, கடிகாரம் மட்டும் பரிசாக வாங்கி வந்து விழிப்பவர்கள் நிறைய.

சார்ஜ் போடும் நேரம் இன்னொரு சிக்கல். எல்லோரும் குளிக்கப் போகும்போது கழற்றி சார்ஜில் போடுகிறார்கள். விழும் ஆபத்து அதிகம் உள்ள இடமே பாத்ரூம்தான். தண்ணீர் புகாத கருவியாக வாங்கி, குளிக்கும்போதும் கட்டியிருக்கச் செய்யுங்கள். சாயங்காலம் டிவி பார்க்கும் நேரத்தை சார்ஜுக்கு ஒதுக்குங்கள். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நேரம் அது.

கடிகாரமே கட்ட மாட்டேன் என்பவர்களுக்கு, ஒயர் இல்லாத காலிங் பெல் ஒன்று அருமையான மாற்று. பொத்தானைப் பாத்ரூமில், தரையில் கிடந்தபடி கைக்கு எட்டும் உயரத்தில் ஒட்டுங்கள். மணியை எதிர்வீட்டில் வையுங்கள். இன்டர்நெட் வேண்டாம், ஆப் வேண்டாம். கதவுகள் எல்லாம் மூடியிருக்கும்போது மணி எட்டுகிறதா என்று மட்டும் சோதியுங்கள்.

## 8. மாத்திரைப் பெட்டி

பெட்டியை நிரப்பும் முன் மருத்துவரிடம் மொத்தப் பட்டியலையும் காட்டுங்கள். சர்க்கரைக்கு ஒருவர், இதயத்துக்கு ஒருவர், மூட்டுவலிக்கு ஒருவர் என்று பார்க்கிற வீடுகளில் ஒரே மருந்து இரண்டு பெயரில் இருப்பதுண்டு. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் 2024-ல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மையம் போன்ற, முதியோர் மருத்துவத்துக்கென்றே உள்ள இடத்தில் ஒரு முறை காட்டிவிடுவது நல்லது.

பெட்டிக்குள் போகக் கூடாதவை சில உண்டு. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை எப்போதும் கைக்கு எட்ட வேண்டும், பூட்டிய பெட்டியில் அதற்கு வேலை இல்லை. இன்சுலின் கண்டிப்பாகப் போகாது. வாரம் ஒரே நாள் சாப்பிடும் மாத்திரைகளில் மிகுந்த கவனம் தேவை. மூட்டு வாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் அப்படிப்பட்டது, அதைத் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. அதை நிரப்புவது எப்போதும் ஒரே ஆளாக இருக்கட்டும்.

நேரத்தையும் பாருங்கள். தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில் போட வேண்டும், கால்சியத்துக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். "காலை மருந்து" என்று இரண்டையும் ஒரே அறையில் போட்டுவைப்பது சர்வசாதாரணமாக நடக்கிறது.

அட்டையிலிருந்து பிரித்த மாத்திரைக்குச் சென்னையின் ஈரக்காற்று ஆகாது. ஒரு வாரத்துக்கு மேல் நிரப்பாதீர்கள். பிரிக்கக் கூடாத மாத்திரை எது என்று மருந்துக்கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். பெட்டி திறக்கப்பட்டது என்று உங்கள் போனுக்கு வரும் செய்தி, பெட்டி திறந்ததை மட்டுமே சொல்லும். மாத்திரை வாய்க்குள் போனதா என்பதை வாரம் ஒரு முறை எண்ணித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

## 9. பெருக்கும் ரோபோ

வீட்டில் சுற்றும் பொருளுக்கு அவர்கள் பழக இதுவே நல்ல தொடக்கம், பலனும் உடனே கண்ணில் தெரியும். ஆனால் காலுக்கடியில் ஓடும் எதுவும் தடுக்கிவிடும். தினமும் ஒரே நேரத்தில், அவர்கள் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் ஓடட்டும். காலை பேப்பர் படிக்கும் நேரம் பொருத்தமாக இருக்கும். புடவை முந்தானையும் வேட்டி நுனியும் தரையில் தொங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், சுழலும் பிரஷ் பிடித்து இழுத்துவிடும்.

துடைக்கும் வசதியை முதல் மாதம் பயன்படுத்தாதீர்கள். ஈரத் தரை ஆபத்து. பழகிய பிறகு, மதியத் தூக்க நேரத்தில் துடைக்கவிட்டு, எழுவதற்குள் காய்ந்துவிடுகிறதா என்று தொட்டுப் பாருங்கள். தொட்டியில் போர் தண்ணீரை ஊற்றினால் உப்புப் படிந்து சின்னத் துளைகள் அடைத்துக்கொள்ளும். குடிக்கும் வடிகட்டிய தண்ணீரை ஊற்றுங்கள்.

## 10. நடமாடும் கேமராவும் குரலும்

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் நம்பிக்கை. மற்றவை உதவுவதைப் பார்த்த பிறகுதான் இது வேவு பார்க்க வரவில்லை என்று அவர்களுக்குத் தோன்றும்.

சார்ஜிங் நிலையத்தை நடைபாதையில் வைக்காமல் சுவரோரம், இருபுறமும் இடம்விட்டு வையுங்கள். தானாகச் சுற்றிப் பார்க்கும் வசதியை அணைத்துவிடுங்கள். நீங்கள் அழைத்தால் மட்டும் அது நகரட்டும். வாரத்தில் சில நாள், குறித்த நேரத்தில் அதன் வழியாகவே பேசுங்கள். அவசரத்துக்கு மட்டும் பயன்படுத்தும் ரோபோ, அவசரம் வரும்போது சார்ஜ் இல்லாமல் இருக்கும். அது நகரும்போது "அம்மா, நான்தான் வரேன்" என்று முதலில் குரல் கொடுத்துவிட்டு நகர்த்துங்கள். பின்னாலிருந்து ஓசையின்றி வந்தால் திடுக்கிட்டே விழுந்துவிடுவார்கள்.

ஸ்பீக்கர் தமிழ்ப் பாட்டுப் போடும் என்பதால் தமிழ் புரியும் என்று எண்ணாதீர்கள். வாங்கும் முன் அம்மா பேசுகிற மாதிரியே பேசிச் சோதியுங்கள். புரியாவிட்டால், தினசரித் தேவைக்கான மூன்று நான்கு ஆங்கிலக் கட்டளைகளை மட்டும் தமிழ் எழுத்தில் எழுதி அருகில் ஒட்டுங்கள். அதற்கு மேல் மனப்பாடம் செய்யச் சொல்வது கொடுமை.

## 11. ஊருக்குக் கிளம்பும் முன் ஒத்திகை

நீங்கள் வீட்டை விட்டு வெளியே போய், தெருமுனையில் நின்றுகொள்ளுங்கள். அம்மா பொத்தானை அழுத்தட்டும். யார் போன் முதலில் அடித்தது, யார் எடுத்தார், சாவியோடு வர எவ்வளவு நேரம் ஆனது என்று பாருங்கள். இதே ஒத்திகையை இரவு பதினோரு மணிக்கு, அண்டை வீட்டாரிடம் சொல்லிவைத்துவிட்டு, இன்னொரு முறை செய்யுங்கள். பகலில் எடுக்கும் போனை இரவில் சைலன்ட்டில் போடுகிறவர்கள் பலர். உங்கள் எண்ணையும் கருவியின் எண்ணையும் சைலன்ட்டிலும் அடிக்கும்படி அவர்கள் போனில் அமைத்துக் கொடுங்கள்.

அப்புறம் மெயின் ஸ்விட்சை ஒரு மணி நேரம் அணைத்து வையுங்கள். எது நின்றது, கரண்ட் வந்ததும் எது தானாக இணைந்தது, எதை யாராவது அமுக்க வேண்டியிருந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். அமுக்க வேண்டிய கருவிக்கு, எந்தப் பொத்தான் என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

## 12. பராமரிப்பும் மழைக்காலமும்

வாரம் ஒரு முறை பிரஷ்ஷில் சுற்றிய முடியை எடுக்க வேண்டும், சார்ஜ் ஏறும் உலோக முனைகளை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோர வீடுகளில் உப்புக்காற்று அந்த முனைகளைச் சீக்கிரம் அரித்துவிடும். இந்த வேலையைப் பெற்றோரிடம் விடாதீர்கள், குனிய வேண்டியிருக்கும். வீட்டு வேலைக்கு வருபவருக்குச் சொல்லிக்கொடுத்து, அதற்குத் தனியாகப் பணம் கொடுங்கள்.

அக்டோபர் தொடங்கும்போதே வெள்ளத்துக்கான ஏற்பாட்டைச் செய்துவிடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நாட்கணக்கில் கரண்ட் இல்லை, செல்போன் சிக்னலும் போனது. அப்போது இந்த வழிகாட்டியில் உள்ள ஒரு கருவியும் உங்களுக்குத் தகவல் அனுப்பாது. பவர் பேங்க், டார்ச், பத்து நாள் மாத்திரை, வேறு நிறுவனத்தின் சிம் போட்ட பட்டன் போன் ஆகியவை ஒரு பையில் தயாராக இருக்கட்டும். சிவப்பு எச்சரிக்கை வந்தால், சாவி வைத்திருப்பவர் காலையும் மாலையும் நேரில் எட்டிப் பார்க்க வேண்டும் என்று முன்னதாகவே பேசிவையுங்கள். தரைத்தள வீடாக இருந்தால் ரோபோவை மேசை மேல் ஏற்றி, பிளக்கை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

## 13. எப்போது எடுத்துவிட வேண்டும்

ரோபோவிடம் "யாரு நீ?" என்று கேட்கத் தொடங்கினால், மாத்திரைப் பெட்டி திறந்தும் மாத்திரை மீதம் இருந்தால், போட்ட அடுப்பை மறந்தால், கருவி கூட்டுவதில் பயன் இல்லை. மருத்துவரைப் பாருங்கள், ஆள் வைக்க ஏற்பாடு செய்யுங்கள். ஞாபக மறதி உள்ளவர்களை நகரும் பொருளும் எங்கிருந்தோ வரும் குரலும் மிரளவைக்கும். அந்த நிலையில் முதலில் எடுக்க வேண்டியது நடமாடும் கேமரா. கைக்கடிகாரமும் சாவி ஏற்பாடும் ஆள் வந்த பிறகும் தொடரட்டும்.

எடுத்த கருவியை விற்கவோ யாருக்காவது கொடுக்கவோ போகிறீர்கள் என்றால், முதலில் ஆப்பில் கணக்கிலிருந்து அதை நீக்குங்கள், அப்புறம் கருவியிலேயே தொழிற்சாலை நிலைக்கு மாற்றுங்கள், மெமரி கார்டு இருந்தால் கழற்றிக்கொள்ளுங்கள். மூன்றையும் செய்தால்தான் வீட்டின் வரைபடமும் படங்களும் வெளியே போகாது. பேட்டரி உப்பியிருந்தால் குப்பையில் போடாமல் மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள்.